ஏற்காட்டுக் காற்றும் ஆறாத புண்ணும்: தெரியுமா உங்களுக்கு?

மாதக்கணக்கில் மருந்து வைத்துக் கட்டியும் மூடாத பெரிய புண் ஒன்று. முதலில் அதிலுள்ள செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள். பிறகு பள்ளத்துக்குள் ஒரு துண்டு கறுப்பு ஸ்பாஞ்சை வைக்கிறார்கள். மேலே காற்றுப் புகாத கண்ணாடித்தாள் ஒன்றை ஒட்டுகிறார்கள். தாளில் ஒரு துளை, துளையில் ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் ஒரு பம்ப். பொத்தானை அமுக்கியதும் ஸ்பாஞ்ச் உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கி இறுகுகிறது. அவ்வளவுதான்! களிம்பு கிடையாது, பொடி கிடையாது. இரண்டு மூன்று நாள் கழித்துக் கட்டைப் பிரித்தால், வெளிறிக் கிடந்த அடித்தளத்தில் செக்கச்செவேலென்று மணி மணியாகப் புதுச் சதை எட்டிப் பார்க்கும்.

எதை வைத்து ஆற்றினார்கள்? காற்றை எடுத்து!

ஏட்டில் இதற்குப் பெயர் எதிர்மறை அழுத்தக் காயச் சிகிச்சை. வார்டில் அப்படிச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கே இது வேக் டிரஸ்ஸிங். “சிஸ்டர், பதினாலாம் பெட்டுக்கு இன்னிக்கு வேக் மாத்தணும்” என்றால் விஷயம் முடிந்தது. சர்க்கரை நோயில் அழுகிய கால், படுத்த படுக்கையாய்க் கிடப்பவரின் இடுப்புக்குக் கீழே வரும் படுக்கைப் புண், லாரி ஏறிய தொடை, தையல் விட்டுப்போன வயிறு என எல்லாவற்றிலும் இந்த ஸ்பாஞ்சைப் பார்க்கலாம்.

எவ்வளவு உறிஞ்சுகிறது தெரியுமா?

பம்பில் வைக்கிற வழக்கமான அளவு 125 மில்லிமீட்டர் பாதரசம். கேட்டால் ஒன்றும் புரியாது. இப்படிப் பாருங்கள்: தண்ணீர்க் குடத்தைத் தரையில் வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்றபடி நீளமான குழாயால் உறிஞ்சிக் குடிக்க முயன்றால், தண்ணீர் சுமார் 1.7 மீட்டர் ஏறி உங்கள் வாய்க்கு வர எவ்வளவு உறிஞ்ச வேண்டுமோ, அவ்வளவு. கன்னம் ஒட்டிப்போகும், ஆனால் மனிதச் சக்திக்கு அப்பாற்பட்டதல்ல.

இன்னொரு கணக்கு இதைவிட வேடிக்கை. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அதில் 125 போனால் மிச்சம் 635. இந்த 635 எந்த ஊரின் காற்றழுத்தம் தெரியுமா? சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏற்காட்டின் காற்றழுத்தம்! சென்னை ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரின் புண்ணுக்குள், அந்த ஸ்பாஞ்சுக்குள் மட்டும், ஏற்காட்டுக் காற்று.

அப்படியானால் நேராகச் சேலம் போய் மலையேறி, ஏற்காட்டில் ரூம் போட்டுப் படுத்தால் புண் ஆறிவிடுமா? ஆறாது. மலையில் உடம்பு முழுவதையும் சூழ்ந்திருப்பது ஒரே அழுத்தம். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் இல்லை. ஸ்பாஞ்சின் கதை வேறு. உடம்பின் மற்ற இடமெல்லாம் சென்னை, அந்தக் கையகல இடம் மட்டும் ஏற்காடு. இந்த ஏற்றத்தாழ்வுதான் இழுக்கிறது, அமுக்குகிறது, வடிக்கிறது. வெற்றிடத்துக்கென்று தனியாக ஒரு மருத்துவ குணமும் கிடையாது. வேலை செய்வது வித்தியாசம்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

மேலோட்டமாகத் தெரிவது இரண்டு. ஸ்பாஞ்ச் சுருங்கும்போது புண்ணின் விளிம்புகளையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது; பள்ளம் சிறிதாகிறது. கூடவே, புண்ணில் ஊறித் தேங்குகிற நீரும் கசடும் குழாய் வழியாக டப்பாவுக்குப் போய்விடுகின்றன. வீக்கம் வடிகிறது. வீங்கிய திசுவில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கிக் கிடக்கும். வீக்கம் வடிந்தால் அவை மூச்சு விடும்.

மூன்றாவது விஷயம் கண்ணுக்குத் தெரியாதது. மூன்றிலும் அற்புதமானது அதுதான்.

அந்தக் கறுப்பு ஸ்பாஞ்சில் உள்ள ஒவ்வொரு கண்ணும் 400 முதல் 600 மைக்ரான் அகலம். அதாவது அரை மில்லிமீட்டர். உறிஞ்சும்போது புண்ணின் தரை ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் குட்டிக் குட்டிக் குமிழாக எழும்புகிறது. ஒரு கையகலப் புண்ணில் இப்படி ஆயிரக்கணக்கான குமிழ்கள்! குமிழாக எழும்பும் இடத்தில் செல்கள் இழுபடுகின்றன. இழுபடும் செல் என்ன செய்யும் தெரியுமா? பெருகும்! செல்லுக்குத் தன் வடிவம் தெரியும். உருண்டு சுருண்டு கிடந்தால் சும்மா இருக்கும், விரிந்து இழுபட்டால் இரண்டாகப் பிரியும். 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணினி மாதிரி போட்டுப் பார்த்தபோது, இந்தச் சிகிச்சையில் திசு 5 முதல் 20 சதவீதம்வரை இழுபடுவதாகத் தெரிந்தது. செல்லைப் பெருகத் தூண்டுவதற்குச் சோதனைச்சாலையில் எவ்வளவு இழுப்பார்களோ, கிட்டத்தட்ட அதே அளவு.

இழுத்தால் வளரும் என்பது எலும்புக்கும் பொருந்தும். சைபீரியாவின் குர்கான் ஊரில் இலிசரோவ் என்ற மருத்துவர், முறித்த எலும்பின் இரு முனைகளையும் வளையங்களில் மாட்டி நாளைக்கு 1 மில்லிமீட்டர் வீதம் இழுத்து, நடுவில் புது எலும்பை வளர்த்துக் காட்டினார். நம் ஊர் எலும்பு மருத்துவர்கள் இன்றும் இலிசரோவ் வளையம் மாட்டுகிறார்கள். குட்டைக் காலை நெட்டையாக்கிய அதே தத்துவத்தை ஸ்பாஞ்ச் அரை மில்லிமீட்டர் அளவில் செய்கிறது.

இங்கே ஒரு முரண். உறிஞ்சினால் ஸ்பாஞ்சுக்கு அடியில் உள்ள சதையில் அழுத்தம் குறையத்தானே வேண்டும்? எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். 2009இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் அளந்து பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். சதைக்குள் அழுத்தம் கூடியிருந்தது! யோசித்தால் நியாயம்தான். ஸ்பாஞ்சுக்குள் காற்று குறைந்ததும், வெளிக் காற்று தாளையும் ஸ்பாஞ்சையும் சேர்த்துப் புண்ணின் மேல் அமுக்குகிறது. எதிர்மறை என்று பெயர் வைத்துவிட்டு நேர்மறையாக அழுத்துகிற சிகிச்சை! அதனால்தான் ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்த காலில், சுற்றிவளைத்துக் கட்டும்போது மருத்துவர்கள் கவனமாக இருக்கிறார்கள்.

உறிஞ்சும் வித்தை எவ்வளவு பழசு?

பழசு என்றால் அப்படி ஒரு பழசு. சுசுருத சம்ஹிதையில் கெட்ட ரத்தத்தை உறிஞ்ச மூன்று கருவிகள் வருகின்றன: மாட்டுக் கொம்பு, அட்டை, சுரைக்குடுக்கை. குடுக்கைக்குள் விளக்குச் சுடரைக் காட்டிவிட்டு உடம்பில் கவிழ்த்தால், உள்ளே இருக்கும் சூடான காற்று குளிர்ந்து சுருங்கி, தோலைக் கவ்விப் பிடிக்கும். பம்ப் இல்லாமல் வெற்றிடம்! சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் அட்டை விடலும் உண்டு, உறிஞ்சல் என்று தனியாக ஒன்றும் உண்டு. அட்டையை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். 2004இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே மருத்துவ அட்டையை விற்க அனுமதி கொடுத்தது. அதுவும் மருந்தாக அல்ல, கருவியாக!

ஐரோப்பாவில் என்ன செய்தார்கள் தெரியுமா? வாயை வைத்தே உறிஞ்சினார்கள். வாளால் குத்துப்பட்டவரின் காயத்தில் வாய் வைத்து ரத்தம் உறிஞ்சுவதையே தொழிலாக வைத்திருந்த ஆட்கள் இருந்தார்கள். துவந்த யுத்தம் செய்துவிட்டு ரகசியமாக வைத்தியம் பார்க்க விரும்பிய கனவான்களுக்கு இவர்கள் பெரிய உதவி. இதைப் பார்த்துச் சகிக்காத பிரெஞ்சு அறுவை மருத்துவர் டொமினிக் அனேல், 1707இல் ஒரு புத்தகமே போட்டார். தலைப்பு: ‘மனிதனின் வாயைப் பயன்படுத்தாமல் காயங்களை உறிஞ்சும் கலை’. வாய்க்குப் பதில் பீச்சாங்குழல். இதற்கு மேல் தலைப்பே புத்தகம்.

19ஆம் நூற்றாண்டில் பாரீஸில் ழூனோ என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். காலை முழுதாக ஓர் உலோகப் பூட்ஸுக்குள் விட்டு, காற்றை உறிஞ்சினார். உடம்பு ரத்தமெல்லாம் காலுக்கு ஓடி, நோயாளிக்குத் தலை சுற்றும். ரத்தத்தை வெட்டி எடுக்காமலே எடுத்தமாதிரி என்று பெருமை.

அடுத்து ஜெர்மனியின் ஆகஸ்ட் பியர். சீழ்க்கட்டிகளின் மேல் கண்ணாடிக் கிண்ணங்களைக் கவிழ்த்து உறிஞ்சி, ரத்தத்தை அங்கே வரவழைப்பதே வைத்தியம் என்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் சொன்னது பெரிய பேச்சாக இருந்தது. இதே பியர்தான் 1898இல் முதுகுத்தண்டில் மரப்பு ஊசி போடுவதை ஆரம்பித்துவைத்தவர். மரத்ததா என்று பார்க்கத் தன் உதவியாளரின் கணைக்கால் எலும்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தார், உதவியாளருக்கு வலிக்கவில்லை. மறுநாள் வலித்திருக்கும், அது வேறு விஷயம்.

ஆக, கொம்பு இருந்தது. குடுக்கை இருந்தது. 1650 வாக்கில் மாக்டபர்க் நகரத்து ஓட்டோ வான் கெரிக்கே காற்றை உறிஞ்சும் பம்பையே செய்துவிட்டார். பிறகு ஏன் மேலும் முந்நூறு வருடம் தாமதம்? உறிஞ்ச ஆள் இருந்தது. காயத்துக்கும் பம்புக்கும் நடுவில் வைக்கப் பொருள்தான் இல்லை! வெறுங்கிண்ணத்தைக் கவிழ்த்தால் சதை மொத்தமாகப் பிதுங்கிக் கன்றிப்போகும். வெறுங்குழாயை வைத்தால் குழாயின் வாயில் சதை ஒட்டிக்கொண்டு மற்ற இடமெல்லாம் அப்படியே கிடக்கும். உறிஞ்சலைப் புண்ணின் மூலை முடுக்கெல்லாம் சமமாகப் பரப்ப, கண்ணும் கண்ணுமாக உள்ள ஒரு நிரப்பு வேண்டும். மேலே காற்றுப் புகாமல், ஆனால் தோலோடு வளைந்து நெளிந்து ஒட்டுகிற தாள் வேண்டும்.

இரண்டையும் கொடுத்தது ஒரே பொருள்: பாலியூரித்தேன். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழு கண்டுபிடித்தது. உங்கள் சோபாவுக்குள்ளும் கார் சீட்டுக்குள்ளும் இருக்கிறதே, அந்த நுரை இதே குடும்பம்தான். நுரையாக்கினால் ஸ்பாஞ்ச், மெல்லிய படலமாக்கினால் தாள். சுசுருதர் காலத்து யோசனைக்குச் சோபா காலத்துப் பொருள் தேவைப்பட்டது!

அப்புறம் யார் யார் கண்டுபிடித்தார்கள்?

ஒரே சமயத்தில் பல பேர். 1980களில் சோவியத் நாட்டு அறுவை மருத்துவர்கள் சீழ் பிடித்த காயங்களை வெற்றிடத்தால் ஆற்றி ருஷ்ய மொழி ஏடுகளில் எழுதினார்கள். இரும்புத்திரைக்கு வெளியே யாரும் அதிகம் படிக்கவில்லை. 1989இல் அமெரிக்காவில் சாரிக்கர், ஜீட்டர் இருவரும் வெறும் காஸ் துணியும் வடிகுழாயும் வார்டுச் சுவரில் இருக்கும் உறிஞ்சியும் வைத்தே காரியத்தைச் சாதித்தார்கள். 1993இல் ஜெர்மனியின் ஊல்ம் நகரில், ஐன்ஸ்டீன் பிறந்த அதே ஊல்மில், ஃபிளைஷ்மன் என்பவர் எலும்பு வெளியே தெரிகிற 15 முறிவுகளை நுரை வைத்து மூடினார்.

உலகமெங்கும் கொண்டுபோனது மட்டும் அமெரிக்காவின் வட கரோலினாவில் வின்ஸ்டன் சேலம் நகரத்து வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம். பிளாஸ்டிக் சர்ஜன் லூயிஸ் அர்ஜென்டா, ஆய்வாளர் மைக்கேல் மோரிக்வாஸ் இருவரும் முதலில் பன்றிகளில் செய்து பார்த்தார்கள். ஏன் பன்றி? தோல் விஷயத்தில் மனிதனுக்கு வெகு நெருங்கிய சொந்தம் அதுதான். 1962இல் லண்டனில் ஜார்ஜ் வின்டர், மூடி ஈரமாக வைத்த காயம், காற்றாட விட்ட காயத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகத் தோல் மூடுகிறது என்று நிரூபித்ததும் பன்றியில்தான். புண்ணைத் திறந்துபோட்டுக் காயவிடு என்று இன்னமும் சொல்கிற பெரியவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பன்றி அப்போதே மறுத்துவிட்டது.

அர்ஜென்டா கூட்டணியின் பன்றிகளிடம் வருவோம். 125இல் வைத்தபோது ரத்த ஓட்டம் நாலு மடங்கு. 400க்கு ஏற்றினால் ஓட்டமே தடைப்பட்டது. அதிகம் உறிஞ்சினால் அதிகம் ஆறும் என்பதில்லை! தொடர்ந்து உறிஞ்சியபோது புதுச் சதை சாதாரணக் கட்டைவிட 63 சதவீதம் அதிகமாக வளர்ந்தது. விட்டு விட்டு, 5 நிமிடம் உறிஞ்சி 2 நிமிடம் ஓய்வு என்று செய்தபோது 103 சதவீதம் அதிகம். அப்படியானால் எல்லாருக்கும் விட்டு விட்டுத்தானே வைக்க வேண்டும்? வைப்பதில்லை. ஸ்பாஞ்ச் ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் நோயாளி “ஐயோ” என்கிறார். பன்றிக்கு மயக்க மருந்து இருந்தது.

1997இல் அவர்கள் 300 காயங்களின் கணக்கை வெளியிட்டார்கள். 296 நல்லபடியாகக் கேட்டன. அதற்கு முன்பே 1995இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்து, டெக்சஸின் கேசிஐ நிறுவனம் கருவியை விற்க ஆரம்பித்திருந்தது. அந்த நிறுவனத்தை 2019இல் 3எம் வாங்கிய விலை தெரியுமா? 670 கோடி டாலர்! இடையில் காப்புரிமை வழக்குகள் ஏராளம். ஒரு வழக்கில், ஸ்பாஞ்சுக்குப் பதில் காஸ் துணி வைத்து உறிஞ்சினால் அது காப்புரிமை மீறலா என்பதே கேள்வி. மீறல் இல்லை என்று 2006இல் ஜூரி சொன்னது. நடுவில் வைக்கிற பொருளுக்கு எவ்வளவு மதிப்பு என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

வயிற்றைத் திறந்தே வைத்திருப்பார்கள், தெரியுமா?

குண்டடி பட்டோ குடல் வெடித்தோ வயிறு வீங்கிவிட்டால், அறுவைக்குப் பின் தைத்து மூட முடியாது. இழுத்துத் தைத்தால் உள்ளுறுப்புகள் நசுங்கும். 1984இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் போராயெஸ் என்ற இளம் மருத்துவர், குளுக்கோஸ் ஏற்றும் பிளாஸ்டிக் பையை வெட்டி வயிற்றின் வாயில் தைத்துவிட்டார். உள்ளே குடல் தெரிகிற கண்ணாடி ஜன்னல்! உலகம் அதைப் பொகோட்டா பை என்கிறது. இப்போது பெரும்பாலும் ஸ்பாஞ்சும் பம்பும். குடலுக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் தாள் கட்டாயம். ஸ்பாஞ்ச் நேரடியாகக் குடலைத் தொட்டால் குடலில் ஓட்டை விழும் அபாயம். நாள்கணக்கில் அப்படி வைத்து, வீக்கம் வடிந்ததும் மூடுகிறார்கள்.

பைபாஸ் அறுவைக்குப் பிறகு நெஞ்செலும்பில் சீழ் பிடித்தாலும் இதுதான். உணவுக்குழாயில் ஓட்டை விழுந்தாலும் இதுதான்: எண்டோஸ்கோப் வழியே சின்ன ஸ்பாஞ்சை ஓட்டைக்குக் கொண்டுபோய் வைத்து, குழாயை மூக்கு வழியாக வெளியே எடுத்து, பம்பில் மாட்டிவிடுகிறார்கள். நெஞ்சுக்குள் ஆழத்தில் ஒரு வேக் டிரஸ்ஸிங்! மலக்குடலில் தையல் விட்டுப்போனாலும் கீழ்வழியாக இதே ஏற்பாடு. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் வெடிகுண்டு கிழித்த கை கால்களுக்கு அமெரிக்கப் படை மருத்துவர்கள் இதை அள்ளி அள்ளிப் பயன்படுத்தினார்கள். தோல் ஒட்டும்போது, ஒட்டிய தோல் நழுவாமல் அடித்தளத்தோடு அணைந்திருக்கவும் இதையே மேலே வைத்து உறிஞ்சுகிறார்கள்.

அப்படியானால் எல்லாப் புண்ணுக்கும் இதுதானா?

பொறுங்கள். இங்கேதான் விளம்பரத்தாளும் ஆராய்ச்சித்தாளும் பிரிகின்றன.

2005இல் லான்செட் ஏட்டில் வந்த ஆய்வு: சர்க்கரை நோயால் பாதத்தின் ஒரு பகுதியை எடுக்க வேண்டிவந்த 162 பேர். பம்ப் வைத்தவர்களில் 56 சதவீதம் பேருக்கு ஆறியது, ஈரக்கட்டுப் போட்டவர்களில் 39 சதவீதம். பிரமாதம்! ஆனால் 2020இல் ஜெர்மனியில் 368 சர்க்கரைப் புண் நோயாளிகளை, நிஜ ஆஸ்பத்திரிச் சூழலில், வழக்கமான கட்டோடு ஒப்பிட்டபோது புண் மூடுவதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே தெரியவில்லை. பிரிட்டனில் திறந்த எலும்பு முறிவுக்கு ஆளான 460 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. ஒரு வருடம் கழித்தும் இரு தரப்புக்கும் நடமாட்டத்தில் வித்தியாசம் இல்லை. ஆழ்ந்த சீழ்த் தொற்றும் ஏறக்குறைய ஒன்றே. இதைப் படித்துவிட்டு எலும்பு மருத்துவர்கள் பலர் புருவத்தை உயர்த்தினார்கள். கிருமிகளை உறிஞ்சி எடுத்துவிடும் என்ற ஆரம்பகாலப் பேச்சும் அப்படியே நிற்கவில்லை.

என் அபிப்பிராயம் இதுதான்: பெரிய பள்ளம், நிறைய நீர் ஊறும் புண், நாளைக்கு மூன்று தடவை கட்டு மாற்ற வேண்டிய புண் என்றால் பம்புக்கு நிகர் இல்லை. கட்டு மாற்றுவது இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறையாகக் குறைவதே நோயாளிக்கும் நர்ஸுக்கும் பெரிய விடுதலை. கையளவுகூட இல்லாத சாதாரணப் புண்ணுக்கு வாடகைப் பம்ப் மாட்டிப் பில் போடுவது வேறு ரகம். ரத்த ஓட்டமே இல்லாத காலுக்கும், சர்க்கரை கட்டுப்படாத உடம்புக்கும் எந்தப் பம்பும் பரிகாரம் ஆகாது. அங்கே முதலில் அடைத்த ரத்தக்குழாயைத் திறக்க வேண்டும்.

ஆபத்தும் உண்டு. 2007 முதல் 2011 வரை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு வந்த தகவல்களில் 12 இறப்புகள். அதிகம் பயமுறுத்தியது ரத்தப்போக்கு. பெரிய ரத்தக்குழாய் வெளியே தெரிகிற புண்ணில் ஸ்பாஞ்ச் வைத்து உறிஞ்சினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் உள்ள புண்ணில் வைக்கவே கூடாது. சதையை வளர்க்கிற சிகிச்சை புற்றையும் வளர்த்துவிட்டால்? செத்த கறுப்புச் சதையை வெட்டாமல் மேலே வைத்தாலும் பயன் இல்லை.

இந்தச் சின்ன விதிகள் தெரியுமா?

உள்ளே எத்தனை துண்டு ஸ்பாஞ்ச் வைத்தோம் என்று தாளின் மேலேயே பேனாவால் எழுதி வைக்க வேண்டும். ஏன்? மறந்து ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டால், புதுச் சதை அதன் கண்களுக்குள் புகுந்து வளர்ந்து மூடிவிடும்! அதே காரணத்தால் மூன்று நாளைக்கு மேல் விட்டால் ஸ்பாஞ்சைப் பிய்த்தெடுக்கும்போது உயிர் போய் உயிர் வரும். பம்ப் நின்றுபோய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால் ஸ்பாஞ்சை எடுத்துவிட வேண்டும். உறிஞ்சாத ஸ்பாஞ்ச் என்பது சீழில் ஊறிய அடைப்பு, கிருமிக்குக் கொண்டாட்டம். கரண்ட் போகிற ஊர்களில் இதைக் கவனிக்காமல் விடவே கூடாது. “ஸ்ஸ்ஸ்” என்று மெல்லிய சத்தம் கேட்டால் எங்கோ காற்றுக் கசிகிறது என்று அர்த்தம். பிட்ட இடுக்கிலும் விரல் இடுக்கிலும் தாளை ஒட்டுவதற்குள் நர்ஸுக்கு வியர்த்துவிடும்.

பாக்கெட்டில் போகும் பம்ப்!

ஆரம்பகாலப் பம்புகள் நோயாளியைக் கட்டிலோடு கட்டிப் போட்டன. பிறகு தோளில் மாட்டும் பை வந்தது. 2011இல் ஸ்மித் அண்ட் நெஃப்யூ நிறுவனம் கொண்டுவந்த பிக்கோ சட்டைப்பையில் அடங்கும். நீர் சேரும் டப்பாவே கிடையாது! கட்டின் மேல்தாள் வழியாக நீர் ஆவியாகிவிடும். 80 மில்லிமீட்டர் பாதரசத்தில் 7 நாள் ஓடித் தூக்கிப்போட வேண்டியதுதான். தைத்து மூடிய காயத்தின் மேலேயே இப்போது இதை ஒட்டுகிறார்கள். சிசேரியன் தையல் பிரியாமல் இருக்க, மூட்டு மாற்று அறுவையில் சீழ் பிடிக்காமல் இருக்க. இன்னொரு கருவி, பெயர் ஸ்னாப். பேட்டரியே இல்லை, உள்ளே ஸ்பிரிங்! இழுத்து விட்டால் ஸ்பிரிங்கே உறிஞ்சிக்கொண்டிருக்கும். சத்தமும் இல்லை.

இதையும் தூக்கிச் சாப்பிட்டது 2010 ஹெய்டி பூகம்பத்துக்குப் போன பம்ப். ஆயிரக்கணக்கில் நசுங்கிய கை கால்கள், மின்சாரம் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த டேனியல் சுரோவ்சிக், கையால் அமுக்கி விட்டால் துருத்தியாக விரிந்து உறிஞ்சுகிற பிளாஸ்டிக் பம்பைச் செய்து அங்கே கொண்டுபோனார். விலை? சுமார் 3 டாலர்! அவர் பட்ட பாடு பம்பில் இல்லை, தாளை ஒட்டுவதில். கொஞ்சம் காற்றுக் கசிந்தாலும் துருத்தி உப்பிவிடும், மறுபடி அமுக்க வேண்டும். மின்சாரப் பம்ப் கசிவைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். துருத்திக்கு அந்தச் சலுகை கிடையாது.

நம் நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் இந்தச் சிக்கனம் பழகிய கலை. சாதாரண ஸ்பாஞ்சைக் கிருமி நீக்கி, மூக்கு வழியாக விடும் ரைல்ஸ் குழாயை அதற்குள் செருகி, அறுவை அரங்கில் கிடைக்கிற ஒட்டுத்தாளை மேலே போர்த்தி, சுவர் உறிஞ்சியில் மாட்டிவிடுவார்கள். வாடகைப் பம்பின் ஒரு நாள் செலவில் பல நாள் ஓட்டுகிற ஏற்பாடு. நம் நாட்டு மருத்துவர்கள் இதைப் பற்றி ஏராளமான கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். ஒரே எச்சரிக்கை, சுவர் உறிஞ்சி முரட்டு ஆசாமி. அளவு காட்டும் ரெகுலேட்டர் இல்லாமல் திறந்தால் பன்றி பட்ட 400ஐத் தொட்டுவிடும்.

மனிதனோடு முடிந்ததா? நாய், குதிரை எல்லாவற்றுக்கும் கால்நடை மருத்துவர்கள் வைக்கிறார்கள். காரில் அடிபட்டு ஓடு உடைந்த ஆமைகளுக்குக்கூட இதை வைத்து ஆற்றியிருக்கிறார்கள். ஆமை ஓட்டைத் தைக்க முடியுமா? முடியாது. தாளை ஒட்ட முடியுமா? மயிர் கிடையாது, வியர்வை கிடையாது, மடிப்பும் கிடையாது. வேக் டிரஸ்ஸிங் போடுகிற எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வார், இதைவிட ஒத்துழைக்கிற நோயாளி கிடைக்காது என்று.